ஸ்னோ ப்ளோவர் சத்தத்தோடு ஒரு குளிர்காலம் நான் பட்ட பாடு

வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கப் போனால், கைப்பிடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று சொருகியிருந்தது. "காலை ஐந்து மணிக்கு உங்கள் ஸ்னோ ப்ளோவர் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடுகிறது. அப்புறம் எங்கள் மூன்று பேருக்குமே தூக்கமில்லை. ஏதாவது செய்ய முடியுமா?" அவ்வளவுதான். ஸ்னோ ப்ளோவர் என்றால் வாசலில் விழுந்த பனியை அள்ளி வீசும் பெட்ரோல் மெஷின். சீட்டில் பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, எங்கள் வரிசையில் கைக்குழந்தை இருப்பது வலதுபக்கத்து வீட்டில் மட்டும்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். பனி கொட்டுவதற்கு நானா பொறுப்பு? ஆறு மணிக்கு நான் கிளம்பியாக வேண்டும், அதற்குள் காரை வெளியே எடுக்க வழி பண்ணியாக வேண்டும். இதே ஆள் நாளைக்கு என் வாசலில் வழுக்கி விழுந்தால் என்னைத்தானே கேட்பார் என்றெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டே சாப்பிட்டேன். என் மனைவி சீட்டைப் படித்துவிட்டு, "ஏங்க, நம்ம வீட்டு ஜன்னல் கண்ணாடியே அதிருது. நீங்க காதுல அந்தக் கவசத்தை மாட்டிக்கிட்டு ஓட்டுறீங்க, உங்களுக்கு எங்க தெரியும்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மெஷினை கராஜிலிருந்து சாலைவரை போகும் டிரைவ்வேயில் நிறுத்தி, முழு வேகத்தில் ஓடவிட்டு, அவளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, காதுக் கவசம் இல்லாமல் வேலியோரம் நடந்துபோய் நின்றேன். அன்றைக்குத்தான் என் மெஷினை நான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அடிவயிற்றில் குத்துகிற மாதிரி ஒரு தடதடப்பு, அதன் மேலே தகரம் அடிக்கிற சத்தம், அதற்கும் மேலே எங்கேயோ ஒரு கீச்சல். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். மெஷின் ஓட்டுகிறவன் நிற்கும் இடத்தில் 97 டெசிபல். பத்து மீட்டர் தள்ளி, குழந்தையின் அறை ஜன்னல் பக்கம் 76. போன் காட்டும் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்து முன்னேயும் பின்னேயும் அளந்தால் சத்தம் கூடியதா குறைந்ததா என்று நன்றாகவே தெரியும். நீங்கள் மெஷினில் எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைச் செய்துவிடுங்கள். நான் செய்ததில் உருப்படியான முதல் காரியம் இதுதான். அதற்கப்புறம் ஒன்றரை மாதத்துக்குச் செய்ததெல்லாம் உருப்படாத காரியங்கள்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் காசைக் கரைத்தேன். டெசிபல் என்பது கிலோ, மீட்டர் மாதிரி நேராகக் கூட்டுகிற கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 10 கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். மூடிய ஜன்னல் ஒரு 20 முதல் 30 வரை குறைக்கும் என்று வைத்தாலும், 76 என்பது குழந்தையின் தொட்டில் பக்கம் 50-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரவுத் தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ந்து இருக்கும் சத்தம் 30 டெசிபலையும், திடீரென எழும் சத்தம் 45-ஐயும் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தோடு, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும்போது அதற்குள் பெட்ரோல் விநாடிக்கு முப்பது முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த தடதடப்பைச் சுவரோ ஜன்னலோ அவ்வளவாகத் தடுக்காது. கீச்சல் வெளியிலேயே நின்றுவிடும், தடதடப்பு மட்டும் வீட்டுக்குள் வந்து படுக்கையில் ஏறிக்கொள்ளும்.

இன்னொரு விஷயமும் எனக்கு எதிராகவே இருந்தது. காற்று அசையாத கடுங்குளிர் விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்றுச் சூடாகவும் இருக்கும். அப்போது மேலே போகிற சத்தம் வளைந்து திரும்பத் தரைக்கே இறங்குகிறது. பகலில் காதில் விழாத தூரத்து ரயில் அந்த நேரத்தில் கேட்கிறதே, அதே காரணம். புதிதாக விழுந்த பஞ்சுப் பனி சத்தத்தைக் கொஞ்சம் குடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாம் செய்கிற வேலையே அந்தப் பஞ்சை அள்ளி எறிந்துவிட்டுக் கீழே இருக்கும் கெட்டித் தரையைத் திறந்துவிடுவதுதானே.

சரி, முட்டாள்தனங்களுக்கு வருகிறேன். முதலாவது, கராஜ். எஞ்சின் சூடாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அந்த நேரமாவது சத்தம் வெளியே போக வேண்டாமே என்று கராஜுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, கதவை முட்டளவுக்கு மட்டும் தூக்கி வைத்தேன். நான்கு சுவருக்குள் அது எப்படி எதிரொலித்தது என்பதை விடுங்கள். ஐந்தாவது நிமிடம் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. மனைவி போர்வையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். ஒரு குழந்தையின் தூக்கத்தைக் காப்பாற்றப் போய் என் வீட்டையே தூக்கத்தில் போக வைத்திருப்பேன். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கராஜ் கதவு முழுவதும் திறந்திருந்தாலும் சரி, பெட்ரோல் எஞ்சினை உள்ளே ஓட்டவே கூடாது. வெளியே உருட்டிக்கொண்டு போய், எந்த வீட்டு ஜன்னலுக்கும் தூரமான மூலையில் நிறுத்தி, அங்கே ஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் வீட்டில் அந்த அலாரம் இல்லை என்றால் மெஷினுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இரண்டாவது, பெட்டி. சத்தத்தை மூடி வைத்தால் அடங்கிவிடும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஒட்டுப்பலகையில் மூன்று பக்கப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே கருப்பு ஃபோம் ஒட்டி, எஞ்சின் மேல் கவிழ்த்தேன். அளந்து பார்த்தால் 4 டெசிபல் குறைந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது நிமிடம் ஓட்டினேன். முதலில் ரப்பர் வேகும் வாசனை, அப்புறம் பெட்டியின் விளிம்பிலிருந்து மெல்லிய புகை. இந்த எஞ்சின்களில் தண்ணீரோ ரேடியேட்டரோ கிடையாது, காற்றால்தான் குளிர்கிறது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிறோமே, அந்த வட்ட மூடியின் துளைகள் வழியாகத்தான் உள்ளே இருக்கும் விசிறி காற்றை இழுத்து சிலிண்டர் மேல் வீசுகிறது. என் ஃபோம் சரியாக அந்தத் துளைகளையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் அதிர்வில் பசை விட்டு, ஒரு துண்டு சைலன்சர் மேலேயே சரிந்துவிட்டது. நல்லவேளை பெட்ரோல் டேங்க் பக்கம் போகவில்லை. அப்புறம் ஆயிலை வடித்துப் பார்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது, கறுப்பாக. மூடி போட்டு, கம்பளி சுற்றி, தகரம் அடித்துச் சத்தத்தை அடக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் பணத்தை விழுங்கியது. சத்தத்தில் பெரும்பகுதி புகை வெளியேறும் வழியாகத்தான் வருகிறது, அதனால் பெரிய சைலன்சராக மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். யோசனை அடிப்படையில் தப்பில்லை. சிறிய எஞ்சின்களில் வருகிற சைலன்சர் ஒரு டிபன் டப்பா அளவுதான், அதற்குள் சத்தம் அடங்க எவ்வளவு இடம் இருக்கும்? ஆனால் நான் செய்த விதம் தப்பு. வேறொரு எஞ்சினுக்கான கனமான சைலன்சரை வாங்கி, வெல்டிங் செய்து குழாய் நீட்டி, எந்தத் தாங்கலும் கொடுக்காமல் அந்தரத்தில் தொங்கவிட்டேன். முதல் நாள் அமர்க்களமாக இருந்தது, தடதடப்பு பாதியாகிவிட்டது. மூன்றாவது நாள் ஈரப் பனியில் எஞ்சின் திணறத் தொடங்கியது, புகை வெளியேற வழி குறுகினால் சக்தியும் குறையும். ஐந்தாவது நாள் அந்தக் கனம் ஆடி ஆடி, எஞ்சின் தலையில் இருந்த போல்ட் துளையின் மரையையே பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அலுமினியம் அல்லவா, இரும்புப் போல்ட்டுக்கு எதிரே நிற்காது. எஞ்சினுக்கும் மரை கழன்றது, எனக்கும் கழன்றது. விழுந்த சைலன்சரின் சூட்டில் பனி உஸ்ஸென்று உருகிக் கீழே குழியாகிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். சைலன்சர், வெல்டிங், மரை திருத்தம், பெட்டிக்கான பலகை, ஃபோம், எல்லாம் சேர்த்தால் நான் பழைய மெஷினாக அதை வாங்கிய விலையில் கிட்டத்தட்டப் பாதி. நான்கு வார இறுதிகள் தனி. அந்த இடைவெளியில் விழுந்த பனியையெல்லாம் கையால் வாரினேன். பக்கத்து வீட்டில் அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்பது மட்டுமே ஆறுதல்.

மரை திருத்திக் கொடுத்த மெக்கானிக் வயதானவர், அதிகம் பேசாதவர். நான் கழற்றி வைத்திருந்த பழைய சைலன்சரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்திருக்கிறது. மற்ற துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே கசிவைத் தடுக்க இருக்க வேண்டிய மெல்லிய தகடான கேஸ்கெட் எரிந்து, பாதி காணாமல் போயிருந்தது. அடிப்பக்கம் துருப்பிடித்து, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். அதாவது புகையில் பாதி சைலன்சருக்குள் போகாமலேயே வெளியே வந்துகொண்டிருந்தது. "நீங்கள் இதற்கு மேல் எதையும் செய்திருக்க வேண்டாம்" என்றார். அந்த எஞ்சினுக்கே உரிய புது சைலன்சர், ஒரு கேஸ்கெட், இரண்டு போல்ட். பெரிய சைலன்சருக்கு நான் செலவழித்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. மாட்டி அளந்தால் 93. ஆகவே சத்தம் அதிகம் என்று யாராவது சொன்னால் முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. சேருமிடத்தில் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேதான் கசிகிறது.

அந்த வெற்றியில் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெல்ட் மூடியில் ஒரு திருகு இல்லை, அதுதான் தகரம் அடித்த சத்தம். பனியைத் திசை திருப்பும் குழாயின் அடியில் இருக்கும் வளையம் தேய்ந்து, ஒவ்வொரு அதிர்வுக்கும் குலுங்கிக்கொண்டிருந்தது. கீச்சல் ஒரு தேய்ந்த பெல்ட். பனியை உள்ளே இழுக்கும் திருகுச்சுருளில் இருக்க வேண்டிய ஷியர் பின் இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சாதாரணப் போல்ட்டைப் போட்டு முடுக்கியிருந்தார். இது சத்தத்துக்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பின் உடைவதற்காகவே செய்யப்பட்டது. கல்லோ செய்தித்தாள் கட்டோ மாட்டினால் பின் உடைந்து, உள்ளே இருக்கும் கியர்பாக்ஸைக் காப்பாற்றும். கெட்டியான போல்ட்டைப் போட்டால் பின்னுக்குப் பதிலாக கியர்பாக்ஸ் உடையும். இந்த வேலைகள் எதற்கும் முன்னால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அடிப்பக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சுருள் பனியை உள்ளே இழுக்க, ஒரு விசிறி அதைக் குழாய் வழியாக வெளியே எறியும் இரண்டு கட்ட மெஷின்களின் முன்பெட்டிக்கு இருபக்கமும் பாதம் மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கும், ஸ்கிட் ஷூ என்பார்கள். பெட்டியின் உயரத்தை நிர்ணயிப்பவை இவைதான். என்னுடையவை தேய்ந்து போய், பெட்டியின் அடித்தகடே கான்கிரீட்டைச் சுரண்டிக்கொண்டு போயிருக்கிறது. இரும்பு கான்கிரீட்டில் உரசும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள், அதிலும் தளத்தின் ஒவ்வொரு இணைப்புக் கோட்டிலும் 'டங்' என்று ஒரு முட்டல். எஞ்சின் சத்தமாவது ஒரே சீராக இருக்கும், கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். இந்தத் திடீர் முட்டல்கள்தான் தூங்குகிறவரைத் தூக்கிவாரிப் போடும். இரும்புக்குப் பதிலாகக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்கிட் ஷூ கிடைக்கிறது. அதை மாட்டி, அடித்தகடு தரையிலிருந்து நூலிழை தூரம் மேலே நிற்கும்படி திருகினேன். எடுத்த எல்லா முயற்சியிலும் செலவுக்குப் பலன் அதிகம் கிடைத்தது இதில்தான். போன் ஆப்பில் 2 டெசிபல்கூட மாறவில்லை, ஆனால் மனைவியே வாசலுக்கு வந்து "என்னங்க, வேற மெஷினா?" என்று கேட்டாள்.

இன்னொரு சத்தம் பெட்ரோலில் இருந்தது. என் எஞ்சின் ஒரே சீராக ஓடாது, 'ஊம்ம்... ஊம்ம்...' என்று ஏறி இறங்கி ஓடும். பழைய மெஷின் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போன குளிர்காலத்தில் மிஞ்சிய பெட்ரோல் கோடை முழுக்க டேங்கில் கிடந்து, கார்புரேட்டரின் மயிரிழைத் துளைகளில் பிசின் மாதிரி படிந்ததால் வந்த வினை அது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றியதும் நின்றுவிட்டது. சீசன் முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிட்டு எஞ்சினை நிற்கும்வரை ஓட்டி விடுங்கள், இல்லையென்றால் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் கலந்து வையுங்கள். முக்கியமாக, முதல் பனி விழுவதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள். விடியற்காலையில் இருபது தடவை கயிற்றை இழுத்து, ஒவ்வொரு தடவையும் பொருமிவிட்டு அணையும் எஞ்சினை விட எரிச்சலூட்டும் சத்தம் ஒன்று உண்டா என்ன.

வேகத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்புகோல், அதன் ஒரு முனையில் முயல் படம், மறுமுனையில் ஆமை. நானும் ஆமைப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். உலர்ந்த, நாலு விரற்கடைப் பனிக்கு நடுவேகம் போதும், சத்தம் நன்றாகவே குறைகிறது. ஆனால் ஈரப் பனியில் உள்ளே இருக்கும் விசிறி போதிய வேகத்தில் சுற்றாவிட்டால் பனியைத் தூக்கி எறிய முடியாமல் குழாய் அடைத்துக்கொள்கிறது. ஆறு தடவை நிறுத்தி, ஆறு தடவை அடைப்பெடுத்து, ஆறு தடவை ஸ்டார்ட் செய்தேன். பதினைந்து நிமிட வேலை முக்கால் மணி நேரமானது. மெதுவாக முக்கால் மணி நேரம் கத்துவதைவிடச் சத்தமாகப் பதினைந்து நிமிடம் கத்திவிட்டுப் போவதே பக்கத்து வீட்டுக்காரருக்கு மேல். அடைப்பெடுக்கும்போது எஞ்சின் அணைந்திருந்தாலும் கையை விடாதீர்கள். இறுகிய பனியில் விசிறி முறுக்கிக்கொண்டு நிற்கும், விடுபட்டதும் ஒரு சுற்றுச் சுற்றும், ஒரு சுற்றுப் போதும் விரல் போக. மெஷினோடு வரும் குச்சியால் மட்டும் எடுங்கள். குழாயின் உள்ளே சிலிகான் ஸ்ப்ரே அடித்து வைத்தால் அடைப்பே குறையும், வேலையும் சீக்கிரம் முடியும்.

இப்படியெல்லாம் செய்து என் காதருகே 97 இருந்தது 91-க்கு வந்தது, ஜன்னல் பக்கம் 70. ஆனாலும் என் காதுக் கவசத்தை நான் விடவில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி என்று வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 97-க்கு அரை மணி நேரம்தான். நான் அதற்கு முன்னால் இருந்த குளிர்காலத்தில் கவசமே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிய நாட்கள் உண்டு.

இத்தனைக்கும் அப்புறமும் அதிகாலை ஐந்து மணிக்கு 70 என்பது 70தான். கடைசியில்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எழுதி வைத்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டினேன். போகும்போது கால் கூசியது. ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நான் அவர்களுக்குப் பதிலே சொல்லியிருக்கவில்லை, அவர்கள் பார்வையில் சீட்டை வாங்கிக் கசக்கிப் போட்டவன் நான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்தான் கதவைத் திறந்தார். கோபமெல்லாம் இல்லை, தூக்கம்தான் இல்லை. குழந்தை நாலரைக்குப் பால் குடித்துவிட்டு ஐந்துக்குக் கண் அயரும், ஆறரைக்கு எழும் என்றார். நான் ஸ்டார்ட் செய்தது சரியாக அந்த ஐந்து மணிக்கு. நாலு மணிக்கு ஓட்டியிருந்தால்கூட இவ்வளவு பாதகமில்லை போலிருக்கிறது. இந்த ஒரு தகவல், எந்த ஸ்பேனராலும் கிடைத்திருக்காது.

சரி, எட்டரைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். பனி கொட்டும் நாட்களில் தாமதமாக வர வேலையிடத்தில் அனுமதியும் வாங்கினேன். இரண்டு வாரம் என் மேல் எனக்கே மரியாதை. அப்புறம் ஒரு நாள் எதிர்வீட்டம்மா தபால் எடுக்க வந்தவர், போகிற போக்கில், "இப்போது தினமும் எட்டரைக்குத்தான் ஓட்டுகிறீர்களா?" என்றார். அவர் கணவருக்கு இரவு வேலை. ஏழரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு எட்டுக்குப் படுப்பவர். ஐந்து மணிக்கு நான் ஓட்டியவரை அவருக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை இதுதான். ஒரு வீட்டில் கேட்டால் போதாது. சத்தம் எட்டும் எல்லா வீட்டிலும் கேட்க வேண்டும். இரவு வேலைக்காரர்கள் பெரும்பாலும் புகார் சொல்ல மாட்டார்கள், ஊரெல்லாம் விழித்திருக்கும் நேரத்தில் எனக்குத் தூக்கம் வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்று சும்மா இருந்துவிடுவார்கள். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை சத்தம் கூடாது என்று பல ஊர்களில் விதி உண்டு, சில இடங்களில் பனி அள்ளுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் ஊர் விதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்து மணிக்கு ஓட்டச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதால் அந்தக் குழந்தை தூங்கிவிடப் போவதில்லை.

மூன்று வீடும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மெஷின் காலை ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை, மாலையில் ஏழுக்குள். நான் ஆறு மணிக்கே போக வேண்டிய நாளில் கார் சக்கரத்துக்கு இரண்டு தடம் மட்டும் கையால் தள்ளிவிட்டுப் போவேன், மிச்சத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம். டிரைவ்வே முழுவதையும் விடியற்காலையில் கான்கிரீட் தெரியத் துடைத்தாக வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? நானேதான். சாலைப் பனி அள்ளும் வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் மேடுதான் கையால் முடியாதது, அதிலும் கார் அகலத்துக்கு மட்டும் வெட்டி வழி எடுத்தால் போதும். அகலமான தள்ளுவாரியால் தூக்காமல் தள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் குளிரில் பனி வாருவதை விட்டுவிடுவதே நல்லது, அவர்களுக்கு என் ஏற்பாடு பொருந்தாது. மெஷின் ஓட்டும்போதும் வரிசையை மாற்றிக்கொண்டேன். சைலன்சர் வாய் வலப்பக்கம் திறந்திருப்பதால், குழந்தையின் ஜன்னலோரத்தில் போகும் தடத்தில் வலப்பக்கம் என் வீட்டைப் பார்க்கும்படி ஓட்டுகிறேன். அந்த ஓரத்துக் கடைசி இரண்டடியைக் கையாலேயே வாருகிறேன்.

பேட்டரியில் ஓடும் மெஷின் வாங்கிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். நண்பர் ஒருவருடையதை இரண்டு நாள் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை என்பதால் அந்தத் தடதடப்பு சுத்தமாக இல்லை, சுருளும் விசிறியும் சுற்றும் சத்தம் மட்டும். அரையடிப் பனிக்கு அருமை. சாலை வண்டி ஒதுக்கிய மேட்டில் மூச்சு வாங்கியது, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கியது. பேட்டரியை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்வதும் கூடாது. சிறிய டிரைவ்வே, மிதமான பனி என்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். எனக்கு இருந்ததை வைத்துச் சமாளிப்பதே சரியாக வந்தது, ஒரு மெஷினுக்குப் பாதி விலை ஏற்கெனவே கரைந்துவிட்டதும் ஒரு காரணம்.

இந்தக் குளிர்காலம் எதிர்வீட்டுக்காரருக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. போன வாரம் நாலே முக்காலுக்கு அவர் மெஷின் ஓடும் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். கோபம் வரவில்லை, படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டேன். தடதடப்புக்கு நடுவே 'ட்டக், ட்டக்' என்று ஒரு பிசிறு. சைலன்சரில் போல்ட் ஒன்று விட்டிருக்கிறது, சந்தேகமே இல்லை. கேஸ்கெட் என்னிடம் ஒன்று மிச்சமிருக்கிறது, அவர் எஞ்சினுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. நாளை சாயங்காலம் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டப் போகிறேன்.